மாமி சொன்னதை நான் பாடினேன்

என் மாமியார் என்னிடம் எதையும் நேராகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் என் மகளிடம்தான் சொல்வார். மகளுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது.

"மக்ளே, உனக்க அம்மைக்கு இன்னும் விடியல பாத்தியா?" என்பார், தொட்டிலுக்குள் குனிந்து. மணி ஆறேகால்தான் ஆகியிருக்கும். அடுத்த அறையில் நான் முடியை முடிந்துகொண்டிருப்பேன். "மக்ளே, நீ அழுவுதது உனக்க அம்மைக்குக் கேக்கல." "மக்ளே, மழ வருது, துணி நனையப்போவுதுன்னு உனக்க அம்மைகிட்ட ஆரு சொல்ல?" மகள் காலை உதைத்துக்கொண்டு சிரிப்பாள். அவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றும்.

இது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள வழக்கமில்லை. தக்கலையைச் சுற்றி எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதோ அந்த வீட்டில் பாதிப் பேச்சு குழந்தை வழியாகத்தான் நடக்கும். வாய் உள்ள மருமகள்கள் அதே வழியில் திருப்பியும் கொடுப்பார்கள். "மக்ளே, அம்மைக்கு ரெண்டு கைதானே உண்டு, கேட்டவங்ககிட்ட சொல்லு" என்று. எனக்கு அது வராது. கணக்கில் முதுகலை படித்தவள், கல்லூரி மேடையில் பயமில்லாமல் பாடியவள். ஆனால் மாமிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமென்றால், இது மரியாதையாக இருக்குமா, சொல்லாவிட்டால் திமிர் என்று நினைப்பாரா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுக்களைக்குப் போயிருப்பார்.

சொல்லாமல் விட்ட பதில்களுக்குப் பதிலாக மாமி சொன்னவற்றை அப்படியே போனில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். துபாயில் இருக்கும் கணவருக்குக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காட்டவில்லை. அவருடைய அம்மா அல்லவா? ஒருநாள் மதியம் மகள் வீறிட்டு அழுதாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது, குறித்துவைத்திருந்த வரிகள் நடைக்குத் தோதாக வாயில் வந்தன. "உனக்க அம்மைக்குக் கேக்கல, மக்ளே, கேக்கல." இரண்டாவது "கேக்கல" வரும்போது ஒரு சின்னக் குதிப்பு. மகள் அழுகையை நிறுத்தி என் வாயைப் பார்த்தாள். மறுபடி பாடினேன். பிறகு அதைப் போனில் பதிந்து என் தோழிக்கு அனுப்பினேன்.

தோழி என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பாள். அவளுடைய சித்தி மகள் லேப்டாப்பிலேயே தாளம் அமைப்பவள். மூன்று பேரும் ஒரு குழுவாகப் பாட்டு வெளியிட வேண்டும் என்று பல வருஷங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். குழுவுக்குப் பேர்கூட வைத்தாகிவிட்டது. பாட்டுதான் இல்லை.

"ஏட்டி, இது எங்கருந்து கிட்டிச்சு உனக்கு?" தோழியின் குரல் பத்தே நிமிஷத்தில் வந்தது. "நேத்து எனக்க மாமியும் இதத்தான் சொன்னா. ஒரு வார்த்த மாத்தாத, கேட்டியா. அப்பிடியே கொண்டு வா."

அருமனையில் தோழியின் அப்பா வீட்டில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கிற அறை ஒன்று இருந்தது. இப்போது அவர்கள் ரப்பரைப் பாலாகவே விற்றுவிடுவதால் அது சும்மா கிடந்தது. வெட்டுக்கல் சுவர், ஜன்னல் கிடையாது, தெருச் சத்தம் உள்ளே வராது. ஷீட் தொங்கவிடும் கம்புகளில் பழைய போர்வைகளையும் பஞ்சு மெத்தைகளையும் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தினோம். எத்தனை வருஷத்துப் புகையோ, வீட்டுக்கு வந்து தலைகுளித்த பிறகும் முடியில் அந்த வாசனை இருக்கும்.

சனிக்கிழமைகளில் போனேன். தோழி வீட்டில் பாட்டுப் பழகப் போகிறேன் என்று மாமியிடம் சொன்னேன். பொய் இல்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாமி மறுப்பு சொல்லவில்லை. "மக்ளே, உனக்க அம்ம போயி பாடட்டும். நாம ரெண்டுபேரும் இஞ்ச இருப்போம்" என்று மகளைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் பாலைச் சங்கில் ஊட்டுவார். எனக்கு மத்தியானச் சோற்றுக்கு ஒரு டப்பாவும் கட்டித் தருவார். அவர் கட்டித் தந்த சோற்றைத் தின்றுவிட்டு அவர் பேச்சையே மைக்கின் முன்னால் பாடுவேன். முதல் சனிக்கிழமை அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை இறங்கிவிட்டது. அதுவும் எனக்கு உறுத்தியது.

நான்கு சனிக்கிழமை பாட்டு சரியாக வரவில்லை. ஒருநாள் மழை, தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மைக்கை அணைத்துவிட்டு மூன்று மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மற்ற நாட்களில் நான் பாடியது தோழிக்குப் பிடிக்கவில்லை. "ஏட்டி, கோயில்ல கைகூப்பி நன்மை அப்பம் வாங்கப் போறவள மாதிரி பாடாத. உனக்க மாமி இப்பிடியா பேசுவா?"

ஐந்தாவது சனிக்கிழமை, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பால் கட்டி மார்பு கனத்து வலித்தது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று தோழி சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பாடி முடித்தேன். "மக்ளே" என்பதன் கடைசியில் மேலே போகும் அந்த இழுப்பு, நடுவில் நாக்கைச் சப்புக்கொட்டுவது, பாதிச் சிரிப்பு எல்லாம் தானாக வந்துவிட்டன. தாளம் அமைப்பவள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்க இல்ல."

"மாமியே எறங்கி வந்தாச்சு," என்றாள் தோழி. "போதும், நீ பஸ்ஸுக்கு ஓடு."

அப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிவை அழித்துவிடுங்கள், அடுத்த வாரம் என் குரலிலேயே பாடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள். சொல்லவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் காரணம். வேறு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

பாட்டு வெளிவந்து இரண்டு வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோழி வருத்தப்பட்டாள். எனக்கோ நிம்மதி. பிறகு நாகர்கோவிலில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மாவும் மணமகளும் சேர்ந்து இந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். மாமியார் குழந்தையிடம் பேசுவதுபோல், மருமகள் காதைப் பொத்திக்கொள்வதுபோல். அந்த வீடியோ போகாத போன் இல்லை. அடுத்த வாரம், தமிழில் அதிகம் கேட்கப்படும் ஐம்பது பாட்டுகளின் பட்டியலில் எங்கள் பாட்டு அடிவரிசையில் வந்தது. அதற்கடுத்த வாரம் தோழி கூப்பிட்டாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எடுத்தேன்.

"ஏட்டி, மொதப் பத்துக்குள்ள வந்தாச்சுட்டீ!"

"மெதுவாப் பேசு."

"சந்தோசமில்லியா உனக்கு?"

சந்தோஷம் இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. வீட்டில் நானும் மாமியும் குழந்தையும் மட்டும்தான். கணவர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். இனி வரும் வருஷங்களெல்லாம் அந்த அடுக்களையில் நாங்கள் இரண்டு பேரும்தான் இடித்துக்கொள்ளாமல் நடமாட வேண்டும். தன் பேச்சை மருமகள் ஊர் சிரிக்கப் பாட்டாக்கிவிட்டாள் என்று மாமிக்குத் தெரிந்தால், அவர் சண்டை போடமாட்டார். குழந்தையிடம்கூட ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. கணவர் பாட்டைக் கேட்டுவிட்டுப் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அம்மகிட்ட நீயே சொல்லிரு, எனக்குத் தைரியம் இல்ல" என்று வைத்துவிட்டார்.

பட்டியலில் பாட்டு ஒவ்வோர் இடமாக ஏற ஏற, நான் ஒவ்வொரு நாளும் அன்றைக்குத் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, கஞ்சி கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காய் வாங்க மாமியோடு வடசேரிச் சந்தைக்குப் போனேன். காயவைத்துப் பொடிக்க நல்ல முற்றின காய் வேண்டும், மாமி ஒவ்வொரு கடையாக நகத்தால் கீறிப் பார்த்து வாங்கினார். திரும்பும்போது ஏறிய மினிபஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டிருந்தார். இரண்டு பாட்டு கழிந்து மூன்றாவதாக எங்கள் கீபோர்டு தொடங்கியது.

"அண்ணே, கொஞ்சம் கூட்டி வையுங்க!" என்றாள் பின்னால் ஒருத்தி.

"இது எனக்க மாமியாரப் பாத்து எழுதினதாக்கும்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"போட்டீ, எனக்க அடுக்களையில ஆரோ மைக்கு வச்சிருக்காவ."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். விடியலயா என்ற வரிக்குத் தலையை ஆட்டினார். அவர் மடியில் இருந்த மகள் மட்டும் மேலே ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் தாவுவதற்கு இரண்டு கையையும் நீட்டினாள். மாமி அவளைப் பார்த்தார். பிறகு என்னை.

"இது உனக்க கொரலா?"

மூன்று மாதங்களுக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்ட கேள்வி. "ஆமா மாமி," என்றேன்.

மாமி மகளை என்னிடம் தந்துவிட்டு, தக்கலை வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் காய்ப் பையைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா நீ இப்பிடிச் செய்யப்பிடாது."

"மாமி, நான்..."

"பெத்த அம்மையில்லியா? மூணு மாசம் உனக்குப் பேறுகாலம் பாத்தவ. அவளுக்க வாயி கொஞ்சம் நீளந்தான், நான் இல்லன்னு சொல்லல. அதுக்காவ இப்பிடியா நாலுபேரு சிரிக்கப் பாடுவாவ? கேட்டதும் எனக்கு ஆளு பிடிகிட்டியாச்சு. அப்பிடியே அவ பேசுத மாதிரியே இருக்கு."

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பாட்டில் இருப்பது என் அம்மா என்று மாமி நினைத்துவிட்டார். தன் பேச்சைத் தானே அடையாளம் காணாமல், அதிலும் உறுதியாக. என் அம்மா குழந்தை வழியாகப் பேசுகிற ஆளே இல்லை. வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவாள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தேன். தப்பித்துவிட்டேன் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, அன்று மத்தியானம் நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் காலையில் மாமி என் அம்மாவுக்குப் போன் செய்தார். துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சம்மந்தி, நீங்க மனசில ஒண்ணும் வைக்காதீங்க. சின்னப்பிள்ள, புத்தி காணாது. நான் நல்லாக் கண்டிச்சிருக்கேன்."

சிறிது நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, உனக்க மாமி என்னத்துக்கு எனக்கு ஆறுதல் சொல்லுதா? அந்தப் பாட்டுல இருக்கது ஆருன்னு எனக்குத் தெரியாதா?"

"நீ என்னம்மா சொன்ன?"

"என்ன சொல்ல? ஆமா சம்மந்தி, எனக்க வாயி அப்பிடித்தான்னு சொல்லிட்டேன். நீ அந்த வீட்டுல இருக்கணுமே." என்றாள். "ஆனா ஒண்ணு. நாளன்னைக்கு உனக்க சித்தப்பாவுக்க புது வீட்டுப் பால்காய்ப்பு. உனக்க மாமியும் வருவா, எல்லாவரும் வருவாவ. சம்மந்திகாரி சொன்னான்னா ஊரு நம்பிரும். மகள வாயால வதைச்சவன்னு நான் தலைய குனிஞ்சிட்டு நிக்கணுமா? அதுக்கு முன்ன சொல்லிரு."

அன்று முழுவதும் சொல்லவில்லை. மாமி ஏத்தங்காய் சீவும்போது சொல்லலாம் என்று போனேன், அவர் சீவி முடித்தார். வெயிலில் பரப்பும்போது சொல்லலாம் என்று போனேன், காக்கை வந்துவிட்டது. இரண்டு தடவையும் எனக்கு உள்ளூர ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா தலைகுனிந்து நிற்பதை நினைக்க நினைக்க அந்த ஆறுதல் கசந்தது. என் அம்மாவை நான் அவமானப்படுத்தவில்லை, ஆனால் அவமானப்பட விட்டிருந்தேன்.

பால்காய்ப்புக்கு முந்தின நாள் பதினொரு மணிக்கு மாமி பின்பக்கக் குழாயடியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் குந்தினேன்.

"மாமி, அந்தப் பாட்டு அம்மையப் பத்தி இல்ல."

"பின்ன?"

"நீங்க கொச்சுப்பிள்ளைகிட்ட சொல்லுததுதான். அதத்தான் எழுதினேன்."

செதில் சுரண்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "நானா?"

"ஆமா மாமி."

"நான் எப்பம் சொன்னேன் அப்பிடியெல்லாம்?"

போனைத் திறந்து பாட்டின் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் மாமி நெற்றியைச் சுருக்கி யோசித்தார், வகுப்பில் விடைத்தாள் சரிபார்ப்பதுபோல்.

"துணி நனையப்போவுதுன்னு, அது சொன்னேன். விடியலயான்னு, அதும் சொல்லியிருப்பேன். ஒலயில அரிசி வேகலன்னு நான் சொல்லல."

"மாமி..."

"கஞ்சி ஆறிப்போவுதுன்னுதான் சொன்னேன். அரிசி வேகலன்னு நீயாப் போட்டுக்கிட்ட."

அது உண்மைதான். கேக்கல என்பதற்குப் பொருந்துவதற்காக நான்தான் மாற்றினேன். ஒப்புக்கொண்டேன். "பாத்தியா," என்று கத்தியை மறுபடி எடுத்தார். இரண்டு மீன் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நேராச் சொன்னா நீ அழுதுருவ. பேறுகாலம் கழிஞ்சு இஞ்ச வந்த மொத வாரம், பிள்ளைக்க கழுத்தத் தாங்கித் தூக்குன்னு ஒரு வார்த்த சொன்னேன். அன்னைக்குப் பூரா நீ முகத்தத் தொடச்சுக்கிட்டே நடந்த. பால் வத்திருமோன்னு எனக்குப் பயமாப் போச்சு. அதுக்கப்புறம்தான் கொச்சுகிட்ட சொல்லத் தொடங்கினேன். அவ அழமாட்டா பாரு."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மாமி சொன்னது முழுக் காரணமாக இருக்கும் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. விடியலயா என்று கேட்பதில் எவ்வளவு கரிசனம் இருந்துவிட முடியும்? ஆனால் பாதி உண்மையாக இருந்தாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் குழாயடியில் ஈரச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மன்னிச்சிருங்க மாமி."

"அது கெடக்கட்டும். உனக்க அம்மைகிட்டப் போயி நான் ஆறுதல் சொன்னேனே, அவ என்னப் பத்தி என்ன நெனச்சிருப்பா? போன எடு."

அவர் கையெல்லாம் மீன். நான் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துப் பிடித்தேன்.

"சம்மந்தி, அது நான்தானாம்."

"எது?"

"பாட்டுல வருதது."

"சொல்லிட்டாளா?" அம்மா பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு, "ஒரு நாளுகூட என்னக் கொண்டாட விடமாட்டியளே சம்மந்தி. நேத்து எனக்க தெருவுல நாலுபேரு வந்து, உங்களப் பத்தியா பாட்டுன்னு கையப் பிடிச்சிட்டுப் போனாவ."

"கையப் பிடிச்சாவளா?"

"பின்ன! ஊரெல்லாம் ஓடுத பாட்டில்லியா?"

மாமி சற்று யோசித்தார். "அப்பம் நாளைக்குப் பால்காய்ப்புல எல்லாவருகிட்டயும் நீங்களே சொல்லிருங்க, அது நான்தான்னு. நானே சொன்னா நல்லா இருக்காது, கேட்டியளா."

அம்மா சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. போனைப் பிடித்திருந்த நானும் சிரித்துவிட்டேன்.

மீதி மீனை நானும் சேர்ந்து கழுவினேன். நடுவில் போன் அதிர்ந்தது. தோழிதான். புறங்கையால் தள்ளித் திறந்து பார்த்தேன்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"பாட்டு ரெண்டாவது எடத்துக்கு வந்திருக்காம் மாமி."

"ஒண்ணாமத்தது ஆரு?"

"ஏதோ சினிமாப் பாட்டு. சென்னைக்காரங்க."

"அதும் மாமியாரப் பத்தியா?"

"இல்ல மாமி, காதல் பாட்டு."

மாமி கடைசி மீனைச் சட்டியில் போட்டார். "அதுக்கு அடுத்ததுன்னா நல்ல எடந்தான்," என்றார்.

உள்ளே மகள் சிணுங்கத் தொடங்கினாள். நான் எழுந்தேன்.

"கொச்சு எழும்பிட்டு," என்றார் மாமி என் முகத்தைப் பார்த்து. "கைய நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு எடு. மீன் நாத்தம் அவளுக்கு ஆவாது."

சரி மாமி என்று கையைக் கழுவப் போனேன். அழுகை வரவில்லை.